இடது கைக்கு ஒரு ஜன்னல்

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாயின் வளைவுக்குள், நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகவே துணிக்குழாய் வைக்கிற வேலையைப் பற்றி வேலூரில் யார் பேசினாலும் நான் ஒன்றுதான் கேட்பேன். அந்த டேபிளில் கம்பி பிடித்தது யார்? பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே பேரைத்தான் சொல்வார்கள். ஏழுமலை. அதாவது நான்.

ரிடையர் ஆனபிறகும் அவ்வப்போது ஆஸ்பத்திரிப் பக்கம் போவேன். வேலை என்று ஒன்றும் கிடையாது, டீ குடிக்கத்தான். போனமுறை போனபோது, ரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டு வேலை செய்கிற எங்கள் கேத் லேபில் பசங்க ஒரு புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த துணிக்குழாயில், கிளைக் குழாய்களுக்கு வேண்டிய ஓட்டைகளைக் கம்பெனியிலேயே போட்டு அனுப்பியிருந்தார்கள். நோயாளியின் ஸ்கேனை அனுப்பினால் அளவெடுத்துச் செய்து தருகிறார்களாம்.

“அண்ணே, உங்க காலத்துல இந்த ஓட்டைய இங்கியே கையால போடுவீங்களாமே, நெஜமா?” என்றான் ஒருவன்.

“நெஜமாவான்னா கேக்கற? மொதல்ல டீ சொல்லுடா.”

டீ வந்தது, கதை போனது. அவர்கள்தான் எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுகிறோம் என்றார்கள். நான் படித்தது எட்டாவது வரைதான். எழுதியது முழுக்க நான். பிழை திருத்தியது என் மருமகள். எழுத்தைத் திருத்து, பெருமையில் கை வைக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சொந்த ஊர் கணியம்பாடி. வீட்டில் நிலம் கம்மி, வாய்கள் ஜாஸ்தி. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ஈரத் தோல் தூக்கினேன். பிறகு ஆஸ்பத்திரியில் ட்ராலி தள்ளினேன். தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் சும்மா நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. எக்ஸ்ரே ரூமில் நின்று எக்ஸ்ரே கற்றேன், தியேட்டரில் நின்று கருவி கற்றேன். அன்றைக்குச் சர்டிபிகேட் கேட்கிற ஆள் இல்லை, கை எப்படி என்றுதான் பார்த்தார்கள். என் கை நன்றாக இருந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் சீஃப் எஸ்தர் மேடம். குள்ளமான உருவம். டேபிள் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் ஆபரேஷன் செய்வார். அந்தப் பலகையை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்கு எனக்குத்தான் பேஜார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சாதாரணமாக “ஏழுமலை, அத எடுப்பா” என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “ஏழுமலை சார், அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கறீங்களா?” என்றால் முடிந்தது, தியேட்டரில் ஊசி விழுந்தால் கேட்கும். நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வார். “பயந்து கெடக்கறவங்கள ஜில்லுனு தொடக்கூடாது” என்பார்.

அவரோடு செய்த கேஸ்கள் எத்தனையோ. மறக்காதது கோதண்டம் கேஸ்.

கோதண்டம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் கட்டர். புது டிசைன் வந்தால் முதல் ஜோடிக்குத் தோலை மெஷினில் வெட்டமாட்டார்கள், கையால்தான் வெட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பான். அந்த முதல் ஜோடியை வெட்டுகிற கை கோதண்டத்தின் இடது கை. அவர் கத்தியைப் பிடிப்பது இடது கையில்.

அவருக்கு வந்தது முதலில் தொண்டைக் கோளாறுதான். குரல் கம்மிப் போய்விட்டது. தோல் தூசி என்று நினைத்து ஆம்பூரில் கஷாயம், மாத்திரை, ஆவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க, பெரிய குழாயின் வளைவில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். அந்த வீக்கம்தான் குரலுக்குப் போகிற நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. அது வெடித்தால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிற நேரம்கூடக் கிடைக்காது.

அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் மேலே போகின்றன. முதல் கிளை வலது கைக்கும் தலையின் வலது பக்கத்துக்கும். இரண்டாவது தலையின் இடது பக்கத்துக்கு. மூன்றாவது இடது கைக்கு. கோதண்டத்தின் வீக்கம் மூன்றாவது கிளையை ஒட்டி இருந்தது. உள்ளே துணிக்குழாய் வைத்து வீக்கத்தை அடைக்க வேண்டுமென்றால், அந்தக் குழாய் நல்ல சுவரில் பிடித்து நிற்க இடம் வேண்டும். அதற்கு அது மூன்றாவது கிளையின் வாயையும் மூடிக்கொண்டு முன்னே போக வேண்டும்.

நெஞ்சைத் திறந்து செய்யலாம் என்றால் பீடி அவர் நுரையீரலைத் தின்றிருந்தது. கழுத்து வழியாகக் கைக்கு வேறு பாதை போடலாம் என்றால், சின்ன வயதில் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் செய்த தழும்பு அதே பக்கம், உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்தது. கிளையை அப்படியே மூடிவிட்டால் கை செத்துப்போகாது. வேறு சின்னக் குழாய்கள் வழியாக ரத்தம் சுற்றிக்கொண்டு வரும். ஆனால் கொஞ்ச நேரம் வேலை செய்தாலே சோர்ந்துவிடும், மரத்துப்போகும்.

மேடம் இதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார். கோதண்டமும் அவர் சம்சாரம் மல்லிகாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உயிருக்கு ஆபத்தில்லாம செய்யணும்னா மூடிடறதுதான் சுலபம். கை கொஞ்சம் சோர்வாகும்” என்றார் மேடம்.

கோதண்டம் கம்மிய குரலில் கேட்டார். “சோர்வாச்சுன்னா, கத்தி நேரா போவுமா மேடம்?”

“அதை என்னால சொல்ல முடியாது.”

“நேரா போவலன்னா என்னை பேக்கிங்ல போட்டுடுவாங்க. அட்டப்பொட்டி ஒட்டினு ஒக்காரணும். அதுக்கு நீங்க ஒன்னும் செய்யாமலே அனுப்பிடுங்க.”

“வாய மூடுங்க நீங்க” என்றார் மல்லிகா. பிறகு மேடத்தைப் பார்த்து, “வேற வழி எதுனா இருந்தா பாருங்கம்மா. அவரு கை போச்சுன்னா வீட்ல அவர வெச்சினு என்னால முடியாது. சும்மா இருந்தா என் சமையல்ல கொற சொல்லியே கொன்னுடுவாரு” என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். வேறு வழி இருந்தது. துணிக்குழாயிலேயே கிளைக்கு நேராக ஜன்னல் வெட்டுவது. கடினம் ஜாஸ்தி, நேரம் ஜாஸ்தி. ஜன்னல் கொஞ்சம் விலகினால் கையும் போகும், குழாய்ச் சுவரில் படிந்திருக்கிற கொழுப்பில் துணுக்கு எதுவும் பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதமும் வரும். அதையும் ஒளிக்காமல் சொன்னார். கோதண்டம் தலையாட்டினார்.

ஸ்கேனை வைத்து அவருடைய குழாய் வளைவை அச்சாக, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கில் செய்து வாங்கினோம். மேடம் அதை வார்டுக்கே எடுத்துப்போய் அவரிடம் காட்டினார். தொழில்காரன் பார்வை எங்கே போகும். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஜன்னல் வெட்டறப்ப ஒரு நூல் சின்னதாவே வெட்டுங்க மேடம். போவப் போவ இழுத்துக் குடுக்கும்.”

“இது தோல் இல்ல கோதண்டம், பாலியெஸ்டர் துணி. இழுக்காது. சின்னதா வெட்டினா சின்னதாவே இருக்கும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “துணியா. அப்ப ஓரம் பிரியுமே?”

“கத்தரிக்கோல் இல்ல. சூட்டுக் கம்பியால சுட்டு வெட்டுவேன். ஓரம் உருகி ஒட்டிக்கும்.”

“தையல்?”

“சுத்தி மெல்லிசா தங்கக் கலர் கம்பி வெச்சு நெருக்கமாத் தைப்பேன். எக்ஸ்ரேல ஜன்னல் எங்க இருக்குன்னு அது காட்டும்.”

“முடிக்கறப்ப நூல் பிரியாம இருக்க பின்னாடி ரெண்டு தையல் போடுவீங்களா?”

“போடுவேன்.”

“அப்ப சரி” என்றார் கோதண்டம், அவர்தான் கையெழுத்துப் போட்டு ஆர்டர் கொடுக்கிற மாதிரி. வெளியே வந்ததும் மேடம் என்னிடம், “ஏழுமலை, பரீட்சையில பாஸாயிட்டேன் போல” என்றார்.

ஆபரேஷன் அன்று காலை பக்க டேபிளில் வேலை தொடங்கியது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். துணிக்குழாய் ஒரு நீளமான உறைக்குள் சுருங்கி உட்கார்ந்திருக்கும். அதைத் தேவையான அளவு மட்டும் வெளியே விரிக்க வேண்டும். மேடம் பிளாஸ்டிக் அச்சோடு வைத்து அளந்து பேனாவால் குறித்தார். முன் ஓரத்தில் தலைக்குப் போகிற கிளைக்காக அரை நிலா மாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பின்னால் இடது கைக்கு ஒரு வட்ட ஜன்னல். சூட்டுக் கம்பி பட்டதும் துணி லேசாகப் புகைந்து உருகும். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு சலைன் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தேன். மேடம் தைத்தார். நெருக்கமாக, ஒரே சீராக. முடிக்கும்போது பின்னால் இரண்டு தையல் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தைத்ததைவிடக் கஷ்டம் திரும்ப உறைக்குள் அனுப்புவது. விரிந்த குடையை ஊதுபத்திக் கூட்டுக்குள் போடுகிற மாதிரி. வளையம் வளையமாக நூலால் இறுக்கிக் கட்டி, அமுக்கி, இழுத்து உள்ளே அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் துணி கசங்கும், ஜன்னல் இடம் மாறும். அமுக்கியது நான். எங்கள் லேபில் அதற்கு என்னை மிஞ்சிய ஆள் வந்ததில்லை, இன்னும் வரவில்லை. வந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

பிறகு பெரிய டேபிள். தொடையில் ஒரு துளை, இடது கை மடிப்பில் ஒரு துளை. தொடை வழியாக ஒரு விறைப்பான கம்பி இதயம் வரை போகும். அதன்மேல்தான் உறை ஏறிப் போகும். கம்பி முன்னே போனால் இதயத்தைக் குத்தும், பின்னே வந்தால் வேலை முழுக்கக் கெடும். அந்தக் கம்பியைப் பிடிப்பது என் வேலை. ஈய ஏப்ரன் தோளை அழுத்தும், மூக்கு அரிக்கும், கண் திரையை விட்டு நகராது. கம்பி நகரவே நகராது. அதுவரை மேடம் ஒரு தடவைகூட “கம்பி ஜாக்கிரதை” என்று என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்களிடம் நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்வார்.

உறை வளைவுக்குள் ஏறி நின்றது. மயக்க மருந்து டாக்டர் இதயத்தைச் செயற்கையாக வேகமாகத் துடிக்க வைத்தார். அப்படித் துடிக்கும்போது அது ரத்தத்தை வீசாது, வளைவுக்குள் காற்று நின்றமாதிரி அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் துணிக்குழாயைத் திறந்தோம். பாதி விரிந்து நின்றது. இதயம் பழைய தாளத்துக்கு வந்தது.

இப்போது கை வழியாக ஒரு மெல்லிய கம்பியை அனுப்பி, ஜன்னலுக்குள் நுழைக்க வேண்டும். நுழையவில்லை. மேடம் திருப்பிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். கம்பி துணியில் முட்டி மடங்கியது. திரையைச் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தது, தங்க வளையம் கிளைக்கு நேராக இல்லை, கொஞ்சம் திரும்பி நின்றது. வளைவுக்குள் ஏறும்போது உறை தானாக முறுக்கிக்கொண்டிருக்கிறது.

கிளையின் வாய் பாதி மூடிக்கிடந்தது. முழுக்க விரித்துவிட்டால் கைக்கு ரத்தம் அவ்வளவுதான்.

“ஏழுமலை சார்” என்றார் மேடம். மரியாதை கூடிவிட்டது. ஆனால் கோபம் என்மேல் இல்லை, அந்த வளையத்தின்மேல். “கம்பிய விட்டுடாதீங்க. நான் மொத்தத்தையும் திருப்பப் போறேன்.”

குழாய் பாதிதான் விரிந்திருந்தது, நாங்கள் கட்டிய நூல் இன்னும் அதை இடுப்பில் பிடித்திருந்தது. அதனால்தான் திருப்ப முடிந்தது. மேடம் தொடைப் பக்கம் உறையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கீழே திருப்பினால் மேலே உடனே திரும்பாது, சேர்த்து வைத்துக்கொண்டு திடீரென்று குதிக்கும். குதிக்காமல் திருப்புகிறவர்தான் கைகாரர். கம்பியைப் பிடித்துப் பிடித்து என் கை மணிக்கட்டு வரை வலித்தது. வளையம் திரையில் சன்னமான கோடாக இருந்து, முட்டை வடிவமாகி, கடைசியில் கிளைக்கு நேராக வந்து நின்றது. கையிலிருந்து வந்த மெல்லிய கம்பி, வீட்டுக்காரன் வாசலில் நுழைகிற மாதிரி உள்ளே போனது.

அந்த ஜன்னலுக்குள் ஸ்டென்ட் என்கிற ஒரு சின்னக் கம்பிவலைக் குழாயை வைத்து, வாயை அகலப்படுத்தி, குழாயை முழுக்க விரித்தோம். எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை விட்டுப் பார்த்தோம். மூன்று கிளையிலும் ரத்தம் ஓடியது. வீக்கத்துக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. மேடம் பலகையிலிருந்து இறங்கி, வெந்நீரில் கை நனைத்து, கோதண்டத்தின் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“அப்புறம்?” என்றேன் நான். தைரியம் பாருங்கள்.

“குதிரை மாதிரி ஓடுது” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். கேஸ் முடிந்தது என்று நினைத்தோம்.

ஐ.சி.யூ.வில் மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுத்தபிறகு, கோதண்டம் கண் விழித்தபோது மேடம் கட்டில் பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன், எனக்கு அங்கே வேலையில்லாவிட்டாலும். காலை ஆட்டச் சொன்னார், இரண்டையும் ஆட்டினார். பேரைக் கேட்டார், சொன்னார். வலது கையில் தன் இரண்டு விரலை வைத்து அமுக்கச் சொன்னார், நன்றாக அமுக்கினார்.

“இப்ப இடது கை.”

விரலை உள்ளங்கையில் வைத்தார். கோதண்டம் அமுக்கவில்லை.

“அமுக்குங்க கோதண்டம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, பிடியை விட்டார். மெத்தையில் தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. விரல்கள் சிவப்பாக, சூடாக இருந்தன. ரத்தம் இருக்கிறது, அசைவு இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது.

டியூட்டி டாக்டர் மெதுவாக, “இடது கை வீக் மேடம். ஸ்கேனுக்குச் சொல்லட்டுமா?” என்றார்.

மேடம் “சொல்லுங்க” என்றார். அவ்வளவு நேரம் டேபிளில் நின்று வராத களைப்பு அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் வந்தது.

நான் வெளியே வந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே மல்லிகா நின்றிருந்தார்.

“இன்னாண்ணே, எழுந்துட்டாரா?”

“எழுந்துட்டாரும்மா. ஸ்கேன் ஒன்னு பாக்கணும்.”

“எதுக்கு ஸ்கேன்? இன்னா ஆச்சு, மறைக்காம சொல்லுங்க.”

“வலது கையால மேடம் கைய நல்லா புடிச்சாரு. எடது கையால புடிக்க மாட்டேங்கறாரு.”

மல்லிகா அழுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “மேடம் கையவா? எடது கையாலயா?”

“ஆமாம்மா.”

“எப்படிண்ணே புடிப்பாரு? அவரு பெரியவங்க யாருக்கும் எடது கைய நீட்டவே மாட்டாரு. சின்னப் புள்ளைல எடது கையால குடுத்துட்டு அவங்கப்பாகிட்ட அவ்ளோ அடி வாங்கிருக்காரு. எடது கை வேலைக்கு, வலது கை மனுசங்களுக்குன்னுவாரு. கோயில் உண்டியல்ல காசு போடறதா இருந்தாலும் வலதுதான். உயிரக் காப்பாத்தின டாக்டரம்மாவுக்கா எடது கையக் குடுப்பாரு?”

 அந்த நேரத்தில் சொந்தக்காரர் யாரும் உள்ளே போகக்கூடாது என்கிற விதியை நான் மறந்துபோனேன். மல்லிகாவுக்குக் கவுன் மாட்டி, செருப்பை மாற்றி, உள்ளே அழைத்துப் போனேன். யார் அழைத்துப் போனது? நான்தான்.

“ஏழுமலை சார், இவங்க எப்படி உள்ள வந்தாங்க?” என்றார் மேடம்.

விஷயத்தைச் சொன்னேன். மேடம் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

மல்லிகா கட்டிலோரம் போய், “இந்தாங்க, என் கையப் புடிங்க. எடது கையால” என்றார்.

கோதண்டம் கண்ணைத் திறந்தார். இடது கை மெத்தையிலிருந்து கிளம்பி நேராகப் போய் சம்சாரத்தின் கையைப் பிடித்தது.

“இறுக்கமா புடிங்க. சோறு தின்னலையா?”

பிடித்தார்.

“விடுங்க விடுங்க, வளையல் ஒடையப் போவுது.”

டியூட்டி டாக்டர் ஸ்கேனுக்குப் போட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். மேடம் கட்டில் பக்கத்துக்கு வந்தார்.

“கோதண்டம், எனக்கும் அந்தக் கையக் குடுங்க.”

“வேணாம் மேடம். தப்பு” என்றார், அதே கம்மிய குரலில்.

“நான் தச்ச தையல் எப்படி இருக்குன்னு நான் பாக்க வேணாமா?”

கோதண்டம் வலது கையைக் கொண்டுவந்து, ஊசி குழாய் எல்லாம் இழுபட, இடது மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார். கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் தன் இடது கையை மேடத்திடம் நீட்டினார். மேடம் அதில் தன் கையை வைத்தார். அவர் அமுக்கினார்.

மேடம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “போதும்பா விடு, இந்தக் கையாலதான் நாளைக்கும் நான் தைக்கணும்” என்றார்.